மலை நின்றது, நட்சத்திரங்கள் போயின

ரொறொன்ரோத் தமிழர் வீடுகளில் அந்தப் பூங்காவுக்கு ஒரே பெயர்தான்: வொண்டர்லாண்ட். "சனிக்கிழமை வொண்டர்லாண்ட் போறம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பிள்ளைகள் வெள்ளி இரவே சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிடுவார்கள். தொண்ணூறுகளின் முற்பாதியிலிருந்து 2006 வரை நுழைவாயிலிலும் ரிக்கற்றிலும் கையில் தரும் வரைபடத்திலும் 'பரமவுண்ட் கனடாஸ் வொண்டர்லாண்ட்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். நான் அறிய ஒருவரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. யாருடைய வாயிலும் வராத அந்த ஒரு சொல்லைப் பலகையிலிருந்து கழற்றியபோது எங்களில் சிலருக்கு ஏன் அவ்வளவு வலித்தது, வேறு சிலர் ஏன் மகிழ்ந்தார்கள் என்பதை எழுதவேண்டும் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய் 400இல் வடக்கே திரும்பினால் வோன் நகரம். ரதபோர்ட் வீதிக்கு இறங்கும் இடம் நெருங்கும்போது வலப்பக்கம் ஒரு மலை எழும்பும். சுற்றிவரச் சமதரை, நடுவில் திடீரென்று ஒரு மலை. மனிதர் கட்டிய மலைதான். வொண்டர் மவுண்டன் என்று பெயர். பாறைபோல் செய்து மேலிருந்து நீர்வீழ்ச்சி விட்டிருக்கிறார்கள். கோடையில் அதிலிருந்து நீச்சல் வீரர்கள் கீழே குளத்துக்குள் பாய்வார்கள். 1981 மே மாதம் பூங்கா திறந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. நாங்கள் கொழும்பிலிருந்து வந்து இறங்கி, முதல் குளிர்காலம் முழுவதையும் பதினோராம் மாடி ஜன்னலுக்குள் கழித்த பிறகு பார்த்த முதல் மலை அது. வருடம் 1995. மாமாவின் வானுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தோம்.

உள்ளே வெளிச்சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் நடுப்பகலில் வாசலுக்கு வெளியே வந்து, மர மேசைகளில் அலுமினியத் தட்டுகளைத் திறந்து வைத்துச் சாப்பிடுவது எங்கள் சனங்களின் வழக்கம். புட்டு, கோழிக்கறி, ரோல்ஸ், கரைத்த மோர். வெளியே போய்த் திரும்பி வருகிறவர்களுக்குக் கையில் கண்ணுக்குத் தெரியாத மையால் ஒரு முத்திரை குத்துவார்கள். திரும்பி உள்ளே போகும்போது ஊதா விளக்கின் கீழ்க் கையை நீட்டினால் அது பளிச்சென்று ஒளிரும். "இடக்கையிலை குத்தச் சொல்லுங்கோ, வலக்கையாலை சாப்பிட்டுக் கழுவவேணும்" என்று அம்மா ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார். இடக்கையை நீட்டிக்கொண்டு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தமிழாட்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். மேசைக்கு மேசை மிளகாய்த்தூள் வாசம். அறியாத சனம்கூட வந்து, "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டுக் கதைக்கத் தொடங்கிவிடும்.

அந்த நாட்களில் பூங்காவுக்குள் ஹொலிவூட் உலாவிக்கொண்டிருந்தது. பரமவுண்ட் நிறுவனத்தின் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கிளிங்கொன்கள், நெற்றி முழுக்க எலும்பு முகடும் நீண்ட தலைமயிரும் தோல் உடுப்புமாகச் சனத்துக்குள் நடந்து திரிவார்கள். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்த அம்மம்மாவின் முன்னால் ஒருவர் வந்து உறுமினார். அம்மம்மா ஓரடி பின்வாங்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூத்திலை சூரபதுமனுக்கு வேசம் கட்டினவர் இவ்வளவு வடிவாய்க் கட்டேல்லை" என்றார். மாமா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த மனிதர் தன் பாத்திரத்தை விடாமலே நெஞ்சில் கைவைத்து அம்மம்மாவுக்குத் தலைவணங்கினார். அந்தப் படம் இன்னும் அம்மாவின் அல்பத்தில் இருக்கிறது. நாடு புதிது, மொழி புதிது. ஆனாலும் வேடம் கட்டி ஆடுகிறவருக்கும் அதைப் பார்த்துப் பழகிய கிழவிக்கும் இடையில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

எனக்கோ அன்று ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: டொப் கன். அந்த வருடம்தான் அந்த ரோலர் கோஸ்டரைத் திறந்திருந்தார்கள். வண்டி தண்டவாளத்துக்கு மேலே ஓடாது, அதன் கீழே தொங்கும். கால்கள் அந்தரத்தில் ஆடும். ஐந்து முறை தலைகீழாகப் புரட்டிப் போடும். மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர் வேகம். இதெல்லாம் நான் பிறகு அறிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது பெயர் மட்டுமே. வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்த மாதங்களில், விசா வரும்வரை நேரம் போக்க, பக்கத்துக் கடையில் கசெட் எடுத்துப் படம் பார்ப்போம். அதில் தேய்ந்துபோன ஒன்று 1986இல் வந்த 'டொப் கன்'. கோடுகோடாக ஓடும் திரையில் விமானங்கள் பறக்கும். ஒரு வசனமும் எனக்கு விளங்காது. கனடாவில் நான் கண்ட பலகைகளில் எனக்கு முன்கூட்டியே அறிமுகமாகியிருந்த முதல் பெயர் அது. வகுப்பில் வாய் திறக்கப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த வரிசையில் நின்றபோது, ஒலிபெருக்கியில் படத்தின் இசை வந்தபோது, இந்த ஊரில் எனக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று ஒரு நிமிர்வு வந்தது. என் மச்சான் முன் இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். அதற்குத் தனி வரிசை. நின்றோம். ஏறினோம். உலுக்கு உலுக்கென்று உலுக்கி இறக்கிவிட்டது. இறங்கியதும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி வரிசையின் வாலுக்கு ஓடினோம்.

இந்த இடத்தில் பூங்காவின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைத் தொடங்கியது பரமவுண்ட் அல்ல. அமெரிக்காவின் டாஃப்ற் ஒலிபரப்பு நிறுவனம் ஒஹாயோவில் கிங்ஸ் ஐலண்ட், வேர்ஜீனியாவில் கிங்ஸ் டொமினியன் என்று பூங்காக்களைக் கட்டிவிட்டு, அதே வார்ப்பில் எல்லைக்கு இப்பால் கட்டியது இது. வாசலைக் கடந்ததும் நீண்ட தடாகம், அதன் முடிவில் நிமிர்ந்த ஒரு சின்னம். அங்கே ஈபிள் கோபுரத்தின் பிரதி, இங்கே மலை. அமெரிக்கக் கம்பெனி வந்து என்ன கனடாப் பூங்கா கட்டப்போகிறது என்ற சந்தேகம் அப்போது இங்கே பலமாக இருந்ததாம். பிறகு அந்தப் பூங்காக்கள் கிங்ஸ் என்ரர்ரெயின்மென்ற் என்ற நிறுவனத்திடம் போயின. அவர்களிடமிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரமவுண்ட் வாங்கியது. படக் கம்பெனிக்குப் பூங்கா எதற்கு? படத்தை ஒருமுறை திரையில் விற்றபின் சவாரியாக மறுமுறை விற்கலாம். அதனால்தான் டொப் கன்னுக்குப் பிறகு 1997இல் ட்ரொப் ஸோன் என்ற 70 மீற்றர் கோபுரம் வந்தது. 2004இல் ரூம் ரெய்டர், 2005இல் இற்றாலியன் ஜொப் வந்தன. எல்லாம் பரமவுண்டின் படப் பெயர்கள்.

ஒரு பொருத்தம் மட்டும் யாரும் திட்டமிட்டு வந்ததல்ல. பரமவுண்டின் சின்னம் என்ன? நட்சத்திரங்கள் வளையமிட்ட ஒரு மலை. பூங்காவில் ஏற்கனவே ஒரு மலை இருந்தது. அதற்கு மேலே நட்சத்திரங்களைக் கட்டிவிட்டாற்போல அந்தப் பெயர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் அதைப் பார்த்த எங்களுக்கு, படம் தொடங்குமுன் திரையில் வரும் மலையும் இதுவும் ஒன்றுதான் என்பதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

இற்றாலியன் ஜொப்பைப் பற்றி நான் நீட்டித்தான் சொல்லுவேன். அது அவ்வளவு அருமையான சவாரி. வண்டிகள் மினி கூப்பர் கார்களின் சிறிய வடிவம். முன்விளக்கு, முகப்பு எல்லாம் அச்சாக அப்படியே. சங்கிலியில் கடகடவென்று ஏற்றி இறக்குகிற வழக்கம் அதில் கிடையாது. காந்த விசையால் நின்ற இடத்திலிருந்தே எறியும். கார் தரிப்பிடக் கட்டடம்போல அமைத்த ஒன்றில் சுழன்று சுழன்று மேலே போய், காவல்துறைக் கார்களுக்கு நடுவால் நுழைந்து, படிக்கட்டில் இறங்குவதுபோல் ஓர் இறக்கம். பிறகு வண்டி சட்டென்று நிற்கும். எதிரே ஹெலிகொப்ரர் ஒன்று தொங்கிக்கொண்டு சுடும். தீ பக்கென்று எழும்பும். முகத்தில் சூடு படும். அடுத்த கணம் வண்டி மறுபடி எறியப்பட்டு இருட்டுக்குள் பாயும். படத்தைப் பார்த்திருந்தால் அந்த நிறுத்தத்தின் அர்த்தம் தெரியும். பார்க்காதவருக்கும் தீயின் சூடு சூடுதான். பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்த அந்த வருடம், வேலை முடிந்து கழுத்துப்பட்டியைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு, பருவச்சீட்டோடு மாலையில் போய் ஏறிவிட்டு வருவேன்.

அடுத்த வருடமே பூங்கா கைமாறியது. பரமவுண்டின் தாய்க் கம்பெனி வயாகொம் இரண்டாகப் பிரிந்ததில் பூங்காக்கள் சிபிஎஸ் பக்கம் போயின. அவர்களுக்கு இந்தத் தொழில் தேவைப்படவில்லை. 2006 ஜூன் 30ஆம் திகதி ஒஹாயோவின் சீடர் ஃபெயார் நிறுவனம் ஐந்து பூங்காக்களையும் 124 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கி முடித்தது. கிங்ஸ் ஐலண்ட், கிங்ஸ் டொமினியன், கரோவிண்ட்ஸ், கலிபோர்னியாவின் கிரேட் அமெரிக்கா, எங்கள் வொண்டர்லாண்ட். பரமவுண்ட் என்ற சொல் அடுத்த பருவத்துக்குள் ஐந்திலிருந்தும் போய்விடும் என்பது அந்தக் கோடையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வரிசைகளில் அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். ரோலர் கோஸ்டரில் பிரியம் கொண்டவர்கள் தனி ஒரு சாதி. எந்தச் சவாரியை எந்தக் கம்பெனி கட்டியது, எந்த இருக்கையில் உதறல் அதிகம், எந்த நேரத்தில் சில்லு சூடேறி வேகம் கூடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. முன்பின் அறியாதவரோடும் பத்து நிமிடத்தில் வாதத்துக்கு இறங்கிவிடுவார்கள். அந்த வாதங்களில் மூன்று கட்சிகள் இருந்தன.

என் வயதுக்காரர், பரமவுண்ட் காலத்தில் வளர்ந்தவர்கள், கவலையில் இருந்தோம். இசை போகும், கதை போகும், வெறும் இரும்பு மிஞ்சும் என்பது எங்கள் பயம். மச்சானைப்போன்றவர்கள் எதிர்க்கட்சி. அவனுக்குக் கதை வேண்டாம், உயரம் வேண்டும். சீடர் ஃபெயார் என்றால் ஏரி ஈரியின் கரையில் சீடர் பொயின்ற் பூங்காவை நடத்துகிறவர்கள். 2000இல் 94 மீற்றரில் மில்லேனியம் ஃபோர்ஸ் கட்டியவர்கள், மூன்றே வருடத்தில் 128 மீற்றருக்கு இன்னொன்று கட்டியவர்கள். "படக்காரன் போறான், கோஸ்டர்காரன் வாறான். நீ ஏன்ரா அழுறாய்?" என்று என்னைப் பிடித்து உலுக்கினான்.

மூன்றாவது கட்சியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஸ்கைரைடர் என்ற, நின்றுகொண்டே போகும் கோஸ்டரின் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நின்றார். உயரமான வெள்ளைக்காரர். வெளுத்துப்போன ரீசேட். அதில் மலையும் பழைய எழுத்தும் மட்டும்; நட்சத்திரம் இல்லை, பரமவுண்ட் இல்லை. எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். 1981இல் திறந்த கோடையிலேயே தான் இங்கே வேலை செய்ததாகச் சொன்னார். தொண்ணூறுகளில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து தங்கள் பூங்காவின் தலையில் ஒட்டியபோது மனம் உடைந்து ஒரு பருவம் முழுக்க வராமலே இருந்தாராம். ஹன்னா பார்பெரா கார்ட்டூன் பாத்திரங்கள், ஸ்மேர்ஃப் காடு, ஸ்கூபியின் பெயரோடு குழந்தைகளுக்கான மரக் கோஸ்டர் எல்லாம் அவருடைய காலத்தவை. உங்களுக்கு இது பறிபோகிறது, எனக்கு இது திரும்பி வருகிறது என்றார். குரலில் வெற்றி இல்லை. எங்கள்மேல் ஒரு பரிவுதான் இருந்தது. தன் வருத்தத்தை அன்று கேட்க ஆள் இருக்கவில்லை என்றும் சொன்னார்.

அந்த மனிதரை நான் பிறகு காணவில்லை. ஆனால் அவர் சொன்னதோடுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. எங்களில் ஒவ்வொருவரும் முதல்நாள் உள்ளே நுழைந்தபோது என்ன பெயர் இருந்ததோ அதையே ஆதிப்பெயராகக் கொண்டிருந்தோம். அவருக்கு 1981. எனக்கு 1995. அதற்கு முந்தியது எனக்கு வரலாறு, பிந்தியது அநியாயம். வந்தேறி என்பதால் எனக்கு அது இன்னும் இறுகிப்போயிருந்தது. நான் வந்த அன்று கனடா எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த பிடிவாதம். 2005இல் ஸ்கைடோம் விளையாட்டரங்குக்கு ரொஜர்ஸ் சென்ரர் என்று பெயர் மாற்றியபோது ஒரு பேஸ்போல் ஆட்டமும் பார்த்திராத அப்பா ஒரு வாரம் கோபமாக இருந்தார். எங்கள் பேருந்தின் ஜன்னலால் அவர் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த பெயர்களில் அது ஒன்று. கடைசிவரை அதை ஸ்கைடோம் என்றே சொன்னார்.

2007 மே மாதம் திறந்தபோது நுழைவாயிலில் கனடாஸ் வொண்டர்லாண்ட் மட்டும் இருந்தது. நான் எதிர்பார்த்தது பெரிய வெறுமை. உண்மையில் அது நன்றாகவே இருந்தது. சொல்லப்போனால் நாங்கள் வீட்டில் சொல்லிவந்த பெயருக்குப் பலகைதான் இறங்கி வந்திருந்தது. அந்தப் பருவத்தில் சவாரிகளின் பெயர்களில் பெரிதாகக் கைவைக்கவில்லை. ஆகவே மனம் ஆறியிருந்தேன்.

அடி 2008இல்தான் விழுந்தது. டொப் கன் ஃப்ளைற் டெக் ஆனது. ட்ரொப் ஸோன் ட்ரொப் டவர் ஆனது. ரூம் ரெய்டர் ரைம் வோர்ப். இற்றாலியன் ஜொப் பக்லொற் ஸ்டன்ற் கோஸ்டர். படப்பெயர்கள் பரமவுண்டின் சொத்து. வாடகைக்கு வந்த பொருள் வாடகை முடியத் திரும்பிப் போகத்தானே வேண்டும். அது நியாயம் என்று அப்போதும் தெரியும். ஆனால் வரிசையில் நின்றபோது என் காது அந்த இசையைத் தேடியது. ஒலிபெருக்கியில் வேறு ஏதோ பாட்டு. படியேறும் இடத்தில் புதிய பலகை. அதே ஃப்ளைற் டெக் என்ற பெயரைக் கிங்ஸ் ஐலண்டிலும் கிரேட் அமெரிக்காவிலும் இருந்த டொப் கன்களுக்கும் வைத்தார்கள். மூன்றும் மூன்று விதமான கோஸ்டர்கள், மூன்று ஊர்கள், ஒரே பெயர். எங்களுக்குள் அதிகம் பேசப்பட்டது இதுதான். எடுத்ததற்கு யாரும் குறை சொல்லவில்லை. எடுத்த இடத்தில் வைத்தது எங்கள் சவாரியைப் பார்த்து வைத்த பெயராக இருக்கவில்லையே என்பதுதான் மனத்தாங்கல். இற்றாலியன் ஜொப்பின் வண்டிகளிலிருந்து மினியின் சின்னமும் போனது. ஹெலிகொப்ரர் அங்கேதான் தொங்கியது, யாரைத் துரத்துகிறது என்பதுதான் இல்லாமல் போயிற்று.

"இரும்பு அதுதானே? பாதை அதுதானே? உன்ரை வயித்துக்குப் பேர் தெரியுமோ?" என்றான் மச்சான்.

அன்று அவனுக்கு நான் பதில் சொல்ல முடியாதபடி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதே 2008 மே மாதம் பெஹெமொத் திறந்தது. 70 மீற்றர் உயரம், மணிக்கு 125 கிலோமீற்றர். அந்நாளில் கனடாவிலேயே உயரமானதும் வேகமானதும். ஒரு வரிசையில் நான்கு இருக்கைகள், நடுவில் இரண்டு முன்னால், ஓரத்தில் இரண்டு பின்னால், பறவைக்கூட்டம் பறக்கும் ஒழுங்கில். பக்கச் சுவர் இல்லை, தோளில் தாங்கி இல்லை. மடியில் ஒரு பிடி மட்டும். உச்சியில் ஒரு கணம் நின்றாற்போல இருக்கும். வடக்கே வயல்கள், தெற்கே தூரத்தில் சி.என். கோபுரம். பிறகு உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். ஒவ்வொரு மேட்டிலும் எழும்பும். டொப் கன்னுக்காக வருந்திய கூட்டத்தோடுதான் நான் அதில் முதலில் ஏறினேன். இறங்கியபோது எல்லோர் கண்ணிலும் நீர். பாதி காற்றால் வந்தது, மீதி மகிழ்ச்சியால். ஒரு படத்தின் பெயரும் இல்லாமல் அது நின்றது. யோசித்துப் பார்த்தால் 1981இலிருந்த மைன்பஸ்ரர், 1987இன் பற், 1991இன் வோர்ரெக்ஸ், இவை ஒன்றுக்கும் அந்த வருடம் பலகை மாற்றத் தேவைப்படவில்லை. பூங்கா தானாக இட்ட பெயர்கள் அவை. யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் விருப்பத்துக்குரியவை மட்டும் வாடகைப் பெயரோடு வந்து எனக்கு வாய்த்திருந்தன.

பிள்ளைகளின் பக்கம் 2010இல் மாறியது. நிக்கலோடியன் கார்ட்டூன்களும் ஹன்னா பார்பெராவும் போய் ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயின் பகுதி வந்தது. சீடர் ஃபெயாருக்கு ஸ்னூப்பி உரிமை கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்ம் பூங்காவை வாங்கிய காலத்திலிருந்தே இருந்தது. ஸ்கூபி டூவின் பேய் மாளிகைக்குள் இருந்த ஸ்கூபியை மட்டும் எடுத்துவிட்டுப் பேய்களை விட்டார்கள். அக்காவின் மகள் அப்போது சிறு பிள்ளை. வாசலில் நின்று, "மாமா, ஸ்கூபி எங்கை?" என்று கேட்டாள். "வேறை வீட்டுக்குப் போயிட்டார்" என்றேன். "ஏன், வாடகை கூட்டிப்போட்டினமோ?" என்றாள். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. பிறகு ஸ்னூப்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பகுதியை விட்டு அவளை வெளியே எடுக்க அன்று பெரும்பாடு படவேண்டியிருந்தது.

பழைய பெயர்கள் திரும்பியும் வருகின்றன. கிங்ஸ் ஐலண்டில் டொப் கன்னாக இருந்து ஃப்ளைற் டெக் ஆன கோஸ்டருக்கு 2014இல் பற் என்று பெயர் வைத்தார்கள். 1981இல் அங்கே திறந்து சில வருடங்களிலேயே மூடப்பட்ட ஒரு கோஸ்டரின் பெயர் அது. ஆடித் திரும்பும் தொங்கு கோஸ்டர் என்ற வகையில் இரண்டும் ஒரே குலம். பழைய பற்றில் ஏறிய பாக்கியசாலிகள் அதைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. பெயர் மாற்றம் எல்லாம் தீது என்ற எண்ணத்தை நான் விட்டதும் அப்போதுதான். பார்த்து வைத்தால் புதிய பெயரும் கொண்டாடப்படும்.

அதே 2014இல் ஸ்கைரைடரை நிறுத்தினார்கள். கழற்றி, பெட்டியில் அடைத்து, இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில் கவல்லீனோ மற்றோ என்ற பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதற்கு ஃப்றீஸ்ரைல் என்று பெயர். சில வருடம் கழித்து மச்சான் குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தான். எங்களுக்கு இரவு, அவனுக்கு விடியப்புறம். தொலைபேசியில் குரல் அடைத்திருந்தது. "மச்சான், எங்கடை ஸ்கைரைடரிலை ஏறினனான்ரா" என்றான். ஃப்றீஸ்ரைல் என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. வரிசையில் நின்ற இத்தாலியப் பெடியன் ஒருவனுக்கு, இது எங்கள் ஊரிலிருந்து வந்தது, எண்பதுகளின் நடுவிலிருந்து அங்கே ஓடியது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டு நின்றானாம். நான் அவனிடம் வயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த இருக்கை கிடைத்தது என்றுதான் கேட்டேன்.

2024 ஜூலை 1ஆம் திகதி சீடர் ஃபெயாரும் சிக்ஸ் ஃப்ளக்ஸ் என்ற இன்னொரு பூங்காக் கம்பெனியும் ஒன்றாகின. கூட்டுக் கம்பெனிக்கு சிக்ஸ் ஃப்ளக்ஸ் என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். அன்று மாலை அக்காவின் மகன் எனக்கு அழைத்தான். 2008இல் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதன்முதலில் ஃப்ளைற் டெக்கில் ஏற்றிய பிள்ளை. இப்போது தாடி வைத்த பெரிய மனிதன். "மாமா, இனி வொண்டர்லாண்டுக்கு முன்னாலை சிக்ஸ் ஃப்ளக்ஸ் எண்டு போட்டிடுவாங்களோ? ஃப்ளைற் டெக்குக்குப் பேர் மாத்திடுவாங்களோ?" குரலில் பதற்றம். அவனுக்கு அதுதான் ஆதிப்பெயர். டொப் கன் என்பது மாமா சொல்லும் பழங்கதை. ஸ்கைரைடர் வரிசையில் அந்த வெள்ளைக்காரர் என்னிடம் காட்டிய பரிவு எனக்கு அப்போது மிகவும் உதவியது. அவன் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நான் கேட்டேன். அவன் கவலையைச் சின்னதாக்கும்படி ஒன்றும் சொல்லவில்லை.

2025 கோடையில் அவனும் நானும் அல்பென்ஃபியூரியில் ஏறினோம். மணிக்கு 115 கிலோமீற்றர், ஒன்பது தலைகீழ்ப் புரட்டல்கள். அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? அந்த மலையில். மலைக்குள்ளிருந்து வண்டி வானத்தை நோக்கி எறியப்படுகிறது. நாற்பத்து நான்கு வருடம் எல்லாப் பலகைகளையும் பார்த்துக்கொண்டு நின்ற மலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்திருக்க முடியாது.

பூங்காவை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு சவாரியின் வரிசை தொடங்கும் இடத்திலும், உயரம் அளக்கும் கம்புக்குப் பக்கத்தில், ஒரு சிறு உலோகத் தகடு பதியுங்கள். திறந்த வருடம், கட்டிய கம்பெனி, அதற்கு இருந்த பெயர்கள், எந்தப் பெயர் எந்த வருடம்வரை என்பது. ஃப்ளைற் டெக்கின் தகட்டில் முதல் வரி 1995, டொப் கன் என்று இருக்கட்டும். பக்லொற்றின் தகட்டில் இற்றாலியன் ஜொப். பேய் மாளிகையின் தகட்டில் ஸ்கூபி. படத்தின் பெயரைப் பலகையில் போட்டு ரிக்கற் விற்கத்தான் உரிமை வாங்கவேண்டும் என்று நினைக்கிறேன். நடந்த வரலாற்றை நாலு வரியில் சொல்வதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். 1981இல் திறந்த மரக் கோஸ்டர்களிலிருந்து தொடங்கலாம். அவற்றில் ஏறியவர்கள் பலர் இப்போது பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள், வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, வாசித்துக் காட்ட ஆசையும் இருக்கிறது.